ஒரே கால்சியம், வேறு வேறு மதகுகள்

1880-களின் தொடக்கத்தில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் இருந்தார். நோயாளிகளைப் பார்த்து முடித்த பிறகு கிடைக்கும் நேரத்தையெல்லாம் தவளை இதயங்களோடு செலவிடுவார். உடலிலிருந்து வெளியே எடுத்த இதயத்தை எந்தத் திரவத்தில் வைத்தால் அது தொடர்ந்து துடிக்கும் என்பதுதான் அவருடைய தேடல். வெறும் உப்புக் கரைசலே போதும் என்று தோன்றும்படி முதல் முடிவுகள் வந்தன. 1882-இல் அதை வெளியிட்டார். அதே சோதனையைப் பிறகு திரும்பச் செய்தபோது, இதயம் சுமார் 20 நிமிடத்தில் சோர்ந்து நின்றுவிட்டது. உப்பு அதேதான், அளவும் அதேதான். தண்ணீர்தான் மாறியிருந்தது. முதல் சோதனைகளுக்கான கரைசல், காய்ச்சி வடித்த நீரில் தயாரிக்கப்படவில்லை. நியூ ரிவர் கம்பெனி லண்டனுக்கு வழங்கிய குழாய்த் தண்ணீரில் தயாரிக்கப்பட்டிருந்தது. அந்தத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், கலந்திருந்தது.

ரிங்கர் இதை மறைக்கவில்லை. 1883-இல் தெளிவாக எழுதித் தன் பழைய முடிவைத் திருத்தினார். கால்சியம் இல்லாமல் இதயம் துடிக்காது என்று உலகம் தெரிந்துகொண்டது அப்போதுதான். அவர் உருவாக்கிய கரைசலில் 1930-களில் அலெக்சிஸ் ஹார்ட்மன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் லாக்டேட்டைச் சேர்த்தார். இன்று டெங்கு வார்டிலும் அறுவை சிகிச்சை அறையிலும் கம்பியில் தொங்கும் 'ஆர்.எல்.' பாட்டில் அதுதான். அதன் முதல் எழுத்து ரிங்கருக்கு உரியது.

ஆனால் இந்தக் கண்டுபிடிப்பு ஒரு புதிரையும் கொண்டுவந்தது. கால்சியமே இல்லாத கரைசலில் தவளையின் கால் தசையைப் போட்டு மின்சாரத்தால் தூண்டினால், அது நெடுநேரம் சுருங்கிச் சுருங்கி விரிகிறது. இதயத் தசை நிற்கிறது, கால் தசை இயங்குகிறது. ஒரே விலங்கின் இரண்டு தசைகள் ஒரே பொருளிடம் ஏன் இப்படி வேறுபட்டு நடந்துகொள்கின்றன? இதற்கு முழு விடை கிடைக்க ஏறத்தாழ 100 ஆண்டுகள் ஆயின. தேடிப் போனவர்கள் கண்டது தசையைப் பற்றிய செய்தி மட்டுமல்ல. வியர்வை, உமிழ்நீர், நடையின் சமநிலை, நோய் எதிர்ப்பு, கருத்தரிப்பு என்று உடலின் எத்தனையோ வேலைகளுக்கு உத்தரவு போவது இதே கால்சியத்தின் வழியாகத்தான் என்பது தெரியவந்தது.

கால்சியம் என்றால் நமக்கு எலும்பும் பல்லும் பாலும்தான் நினைவுக்கு வரும். அதில் தப்பில்லை. வளர்ந்த ஒருவர் உடலில் சுமார் ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும்தான். இந்தக் கட்டுரை மிச்சமுள்ள ஒரு விழுக்காட்டைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த ஒரு விழுக்காட்டிலும் ஒரு துளியைப் பற்றியது.

செல்லுக்கு வெளியே, ரத்தத்திலும் திசுநீரிலும், கரைந்த கால்சியம் தாராளமாக இருக்கிறது. செல்லுக்கு உள்ளேயோ ஓய்வு நேரத்தில் அது மிக மிகக் குறைவு. வெளியே 10,000 என்றால் உள்ளே ஒன்று. உடலில் சோடியம், பொட்டாசியம் போன்ற மற்ற உப்புகளுக்கும் உள்-வெளி வேறுபாடு உண்டு. ஆனால் அது சில மடங்கு, சில பத்து மடங்கு என்ற அளவில்தான். கால்சியத்தை மட்டும் செல் இவ்வளவு கறாராக வெளியே நிறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. செல் தன் ஆற்றலை ஏடிபி என்ற பாஸ்பேட் சேர்மத்தில் வைத்திருக்கிறது. பாஸ்பேட்டும் கால்சியமும் அதிக அளவில் சேர்ந்தால் கரையாத உப்பாகப் படிந்துவிடும். எலும்பு உருவாவதும் அந்தச் சேர்க்கையால்தான். செல்லுக்குள் அது நடந்தால் செல் செத்துப்போகும். அதனால் உள்ளே கசியும் கால்சியத்தை ஓயாமல் இறைத்து வெளியேற்றும் பம்புகள் செல்சவ்வில் இருக்கின்றன.

எல்லாவற்றையும் வெளியே கொட்டிவிடுவதும் இல்லை. செல்லுக்குள்ளேயே எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்ற சவ்வு வலை பரவிக் கிடக்கிறது. கால்சியத்தில் ஒரு பங்கை 'சர்கா' என்ற பம்பு அதற்குள் தள்ளிச் சேமிக்கிறது. ஒரு ஏடிபி மூலக்கூறைச் செலவழித்து இரண்டு கால்சியம் அயனிகளை அது உள்ளே ஏற்றும். நம்மூர் ஏரி மாதிரி எண்ணிக்கொள்ளலாம். கரைக்கு உள்பக்கம் நீர் நிறைந்து நிற்கிறது. வெளிப்பக்கம் வயல் காய்ந்து கிடக்கிறது. மதகைத் தூக்கினால் போதும், தண்ணீர் தானாகப் பாயும். அந்த மதகுகளைத்தான் விஞ்ஞானிகள் ஏற்பிகள் என்கிறார்கள். முக்கியமான மதகுகள் இரண்டு குடும்பங்கள்: ரையனோடின் ஏற்பி, ஐபி3 ஏற்பி.

இவை இரண்டிலும் வியப்பான விஷயம் ஒன்று உண்டு. பாய்கிற கால்சியமே மதகைத் தூக்கவும் செய்கிறது, இறக்கவும் செய்கிறது.

முதலில் ரையனோடின் ஏற்பி. திரினிடாடிலும் தென் அமெரிக்காவிலும் வளரும் ரையனியா என்ற செடியின் தண்டுப் பொடியை 1940-களில் பூச்சிமருந்தாக விற்றார்கள். அதிலுள்ள நச்சுப்பொருள்தான் ரையனோடின். அது தசையை விறைக்க வைத்தது. அது எங்கே போய் ஒட்டுகிறது என்று தேடிப் போனவர்கள் 1980-களில் ஒரு பிரம்மாண்டமான புரதத்தைக் கண்டெடுத்தார்கள். நான்கு ஒரே மாதிரித் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 5,000 அமினோ அமிலங்கள். ரத்தத்தின் ஹீமோகுளோபினைக் காட்டிலும் 30 மடங்குக்கு மேல் எடை. உடலில் தெரிந்த அயனி வழிகளில் இதைவிடப் பெரியது இல்லை.

இந்தச் செய்தி தஞ்சாவூர் வயல்வெளிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. நெல்லில் குருத்துப்பூச்சிக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் விவசாயிகள் தெளிக்கும் குளோரான்ட்ரனிலிப்ரோல் என்ற மருந்து, புழுவின் ரையனோடின் ஏற்பியைத் திறந்தபடியே வைத்துவிடுகிறது. தசைக்குள்ளிருக்கும் கால்சியக் கிடங்கு காலியாகிறது. புழு தின்பதை நிறுத்தி, அசைவற்றுச் சாகிறது. மனிதரின் ஏற்பி அமைப்பில் வேறுபட்டது என்பதால் இந்த மருந்து அதில் மிகக் குறைவாகவே ஒட்டும். பூச்சியும் சும்மா இருப்பதில்லை. முட்டைக்கோஸைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியில், ஏற்பியின் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதால் இந்த மருந்து பலிக்காமல் போன கதை பிலிப்பைன்ஸிலும் தாய்லாந்திலும் பதிவாகியிருக்கிறது.

ரையனோடின் ஏற்பியில் மூன்று வகை உண்டு. கை கால் தசைகளில் முதல் வகை. இதயத்தில் இரண்டாம் வகை. மூளை உள்ளிட்ட பல இடங்களில் குறைந்த அளவில் மூன்றாம் வகை. ரிங்கரின் புதிருக்கு விடை முதல் இரண்டின் வேறுபாட்டில் இருக்கிறது.

நம் இதயத்தின் ஒரு துடிப்பைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். மின் அலை ஒன்று இதயச் செல்லின் மேற்பரப்பில் ஓடிவந்து, உள்நோக்கிக் குடைந்திருக்கும் மெல்லிய குழாய்களுக்குள் இறங்குகிறது. அங்கேயுள்ள கால்சிய வழி திறக்கிறது. வெளியிலிருந்து சிறிதளவு கால்சியம் உள்ளே வருகிறது. வந்த இடத்துக்கும் எதிரேயுள்ள கிடங்கின் சவ்வுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்குதான். அந்தச் சந்தில் கால்சியம் ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்தில் அடர்ந்துவிடும். எதிரே இருக்கும் இரண்டாம் வகை ரையனோடின் ஏற்பிகள் அந்தக் கால்சியம் பட்டதும் கொத்தாகத் திறக்கின்றன. உள்ளே வந்ததைவிடப் பல மடங்கு கால்சியம் கிடங்கிலிருந்து கொட்டுகிறது. 1993-இல் ஹெப்பிங் செங், ஜொனாதன் லெடரர், மார்க் கேனல் மூவரும் இந்தச் சிறு வெடிப்புகளை நுண்ணோக்கியில் ஒளிப்பொட்டுகளாகவே படம் பிடித்து, 'கால்சியப் பொறி' என்று பெயரிட்டார்கள். ஒரு துடிப்பில் இத்தகைய பொறிகள் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் தெறிக்கின்றன. வெளிவந்த கால்சியம் ட்ரோபோனின் என்ற புரதத்தில் ஒட்டுகிறது. 1960-களில் ஜப்பானின் செட்சுரோ எபாஷி கண்டுபிடித்த புரதம் இது. தசை சுருங்குகிறது. உடனே பம்புகள் கால்சியத்தை அள்ளிக் கிடங்குக்குத் திருப்புகின்றன, தசை தளர்கிறது. இவ்வளவும் ஒரு நொடிக்குள் முடிந்து, மறுபடியும் தொடங்குகிறது.

ஆக, இதயத்தில் உள்கிடங்கு திறக்க வெளிக்கால்சியம் கட்டாயம் வேண்டும். தவளை இதயத்தில் உள்கிடங்கின் பங்கு இன்னும் குறைவு. ஏறக்குறைய முழுக்க வெளிக்கால்சியத்தையே அது நம்பியிருக்கிறது. அதனால்தான் ரிங்கரின் கால்சியம் இல்லாத கரைசலில் அது நின்றது. கால் தசையில் ஏற்பாடு வேறு. அங்கே மேற்பரப்பில் மின்னழுத்தத்தை உணரும் புரதம், கிடங்கின் முதல் வகை ரையனோடின் ஏற்பியை நேராகத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. மின் அலை வந்ததும் மேலே உள்ள புரதம் அசைகிறது. அந்த அசைவே கீழே உள்ள ஏற்பியைத் திறந்துவிடுகிறது. வெளியிலிருந்து ஒரு கால்சியம் அயனிகூட உள்ளே வரத் தேவையில்லை. கரைசலில் கால்சியம் இல்லாவிட்டாலும் தவளைக் கால் உதைத்ததன் காரணம் இதுதான்.

இரண்டாவது குடும்பமான ஐபி3 ஏற்பியின் வரலாறு வேறு பாதையில் வந்தது. ஹார்மோன்களில் பல செல்லுக்குள் நுழைவதே இல்லை; வெளிச்சவ்வைத் தட்டிவிட்டுப் போய்விடும். அப்படியானால் உள்ளே இருக்கும் கிடங்குக்குச் சேதி சொல்வது யார்? 1950-களில் மேபல் ஹோகின், லோவல் ஹோகின் தம்பதி, கணையத்தைத் தூண்டினால் செல்சவ்வின் ஒரு வகைக் கொழுப்பு வேகமாக உடைந்து மறுபடி உருவாவதைக் கவனித்திருந்தார்கள். அதற்கு அர்த்தம் புரிய 30 ஆண்டுகள் ஆயின. கேம்பிரிட்ஜில் மைக்கேல் பெரிட்ஜ், ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியை வைத்து ஆண்டுக்கணக்கில் உழைத்தார். ஹார்மோன் தட்டியதும் சவ்வின் அந்தக் கொழுப்பிலிருந்து ஐபி3 என்ற சிறு மூலக்கூறு வெட்டுப்பட்டு விழுகிறது. அதுதான் தூதர் என்ற முடிவுக்கு வந்தார். ஜெர்மனியின் ஐரீன் ஷுல்ஸ் குழுவோடு சேர்ந்து கணையச் செல்லில் ஐபி3-ஐ விட்டுப் பார்த்தபோது, உள்கிடங்கிலிருந்து கால்சியம் வெளியேறியது. அந்தக் கட்டுரை 1983-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. ஒரு ஈயின் எச்சில் சுரப்பியை இவ்வளவு பொறுமையாகப் பார்த்த மனிதரால் மருத்துவ உலகுக்குக் கிடைத்த பயன் அளவிட முடியாதது.

ஐபி3 போய் ஒட்டும் ஏற்பி எது? ஜப்பானில் கட்சுஹிகோ மிகோஷிபா 1970-களின் இறுதியில், தள்ளாடித் தள்ளாடி நடக்கும் மரபுக்குறை எலிகளின் சிறுமூளையில் ஒரு பெரிய புரதம் குறைந்திருப்பதைக் கண்டிருந்தார். அந்தப் புரதம் என்ன வேலை செய்கிறது என்று அப்போது தெரியவில்லை. அவருடைய குழு 1989-இல் அதன் மரபணுவை முழுமையாகப் படித்தபோது விடை கிடைத்தது: அதுதான் ஐபி3 ஏற்பி.

கால்சியம் இந்த ஏற்பியை எப்படி ஆள்கிறது என்பதை 1991-இல் இல்யா பெஸ்ப்ரோஸ்வானி, ஜேம்ஸ் வாட்ராஸ், பார்பரா எர்லிக் மூவரும் அளந்து காட்டினார்கள். ஐபி3 மட்டும் இருந்தால் ஏற்பி சரியாகத் திறக்காது. கூடவே கொஞ்சம் கால்சியம் பட வேண்டும். கால்சியம் கூடக் கூட ஏற்பி அதிகமாகத் திறக்கும். ஒரு கட்டத்தைத் தாண்டிக் கால்சியம் ஏறினால், அதே கால்சியம் ஏற்பியை மூடத் தொடங்கும். முதலில் 'திற', பிறகு 'போதும், மூடு' என்று ஒரே அயனி இரண்டு உத்தரவையும் தருகிறது. ரையனோடின் ஏற்பியிலும் இந்தக் குணம் உண்டு. ஆனால் அதை மூட மிக அதிகமான கால்சியம் தேவை. அதிலும் இதய வகை, கால்தசை வகையைவிட மூடத் தயங்கும்.

இதனால் கால்சியம் ஒரேயடியாக ஏறி நிற்பதில்லை. ஏறுகிறது, ஏற்பி மூடுகிறது, பம்பு இறைக்கிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. அலை அலையாக.

இந்த அலைகளைக் கண்ணால் பார்க்க முடிந்ததற்கு ஒரு கடல் இழுதுமீனுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஜப்பானியரான ஒசாமு ஷிமோமுரா, 1961 கோடையில் அமெரிக்காவின் ஃப்ரைடே ஹார்பரில் ஒளிரும் இழுதுமீன்களைச் சேகரித்து, அவை எப்படி ஒளிர்கின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். மிச்சச் சாற்றை ஒரு நாள் கழுவுதொட்டியில் ஊற்றினார். தொட்டி பளீரென்று நீலமாக ஒளிர்ந்தது. மீன்தொட்டியின் கடல்நீர் அந்தத் தொட்டிக்குள் வடிந்துகொண்டிருந்தது. கடல்நீரின் கால்சியம்தான் சாற்றை ஒளிரச் செய்தது என்று புரிந்துகொண்டார். ஏக்வொரின் என்ற அந்தப் புரதம் கால்சியம் பட்டால் ஒளிரும் விளக்கானது. பிறகு ரோஜர் சியென் 1980-களில் இன்னும் எளிதாகக் கையாளக்கூடிய சாயங்களை உருவாக்கினார். இருவரும் 2008-இல் மார்ட்டின் சால்ஃபியோடு வேதியியல் நோபல் பெற்றார்கள். பரிசு, அதே இழுதுமீனில் கிடைத்த பச்சை ஒளிர்ப் புரதத்துக்காக.

ஏக்வொரினை ஒற்றைக் கல்லீரல் செல்லுக்குள் செலுத்திப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1986-இல் கண்டது மிக அழகானது. ஹார்மோனைக் கூட்டினால் அலையின் உயரம் அவ்வளவாக மாறவில்லை. அலைகள் அடுத்தடுத்து வரும் வேகம் கூடியது. ஹார்மோன் குறைவாக இருந்தால் நீண்ட இடைவெளி விட்டு ஒரு துடிப்பு. அதிகமாக இருந்தால் அடிக்கடி. அதாவது செல் கால்சியத்தின் அளவை மட்டும் படிப்பதில்லை, தாளத்தையும் படிக்கிறது. நீண்ட நேரம் கால்சியம் உயர்ந்தே நின்றால் செல்லுக்கு அழிவு என்பதால், விட்டு விட்டுச் சொல்வது பாதுகாப்பும்கூட.

ஐபி3 ஏற்பியும் மூன்று வகைப்படும். இரண்டாம் வகைக்குச் சிறிதளவு ஐபி3 போதும். மூன்றாம் வகைக்கு நிறைய வேண்டும். முதல் வகை இடைப்பட்டது. பெரும்பாலான செல்களில் இவை கலந்தே இருக்கும். எந்தத் திசுவில் எது மிகுதி என்பதைப் பொறுத்து ஒரே கால்சியம் வேறு வேறு வேலைகளைச் செய்கிறது.

சிறுமூளையில் முதல் வகை. எலியில் இதன் மரபணுவை நீக்கினால் பெரும்பாலான குட்டிகள் கருவிலேயே இறந்துவிடுகின்றன. பிறந்தவை நடக்க முடியாமல் தள்ளாடி, வலிப்பால் துன்புற்று விரைவில் சாகின்றன. மனிதரில் இந்த மரபணுவின் ஒரு பிரதி இல்லாமல் போனால், வளர்ந்த பிறகு மெல்ல மெல்ல நடையும் கைப்பிடிப்பும் தடுமாறும் ஒரு பரம்பரை நோய் வருகிறது.

வியர்வைச் சுரப்பியில் இரண்டாம் வகை. பாகிஸ்தானைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில், பிறந்தது முதல் வியர்வையே வராத பிள்ளைகள் இருந்தார்கள். தோலை எடுத்துப் பார்த்தால் வியர்வைச் சுரப்பிகள் ஒழுங்காகவே இருந்தன. பிறகு ஏன் வியர்க்கவில்லை? 2014-இல் விடை வெளியானது: இரண்டாம் வகை ஐபி3 ஏற்பியின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்துப் பிழை. சுரப்பிக்கு நரம்பு உத்தரவு வருகிறது, ஐபி3 உருவாகிறது, கிடங்கும் நிறைந்திருக்கிறது. மதகு மட்டும் திறக்கவில்லை. கோடை வெயிலில் உடலைக் குளிர்விக்க வழியில்லாத குழந்தையின் அவதியை நம்மைப் போன்ற வெப்ப நாட்டவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

உமிழ்நீர்ச் சுரப்பியிலும் கணையத்திலும் இரண்டாம் வகையும் மூன்றாம் வகையும் சேர்ந்து வேலை செய்கின்றன. இரண்டையும் நீக்கிய எலிக்குட்டிகள் தாய்ப்பால் குடிக்கும்வரை பிழைத்திருந்தன. உலர்ந்த தீனிக்கு மாறியதும் எச்சில் ஊறாமல், செரிமான நீரும் சுரக்காமல் மெலிந்து இறந்தன. மிகோஷிபாவின் குழு 2005-இல் இதை வெளியிட்டது. நாக்கின் சுவை மொட்டுகளில் இனிப்பையும் கசப்பையும் உணர்த்துவதும் மூன்றாம் வகைதான்.

கருமுட்டையில் முதல் வகை. விந்தணு தன்னுடன் கொண்டுவரும் ஒரு நொதி முட்டைக்குள் ஐபி3-ஐ உண்டாக்குகிறது என்று 2002-இல் வேல்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். முட்டை முழுவதும் கால்சிய அலைகள் மணிக்கணக்கில் எழுந்து அடங்குகின்றன. அதன் பிறகே முட்டை விழித்துக் கருவாக வளரத் தொடங்கும். அந்த நொதி குறைவுபட்ட ஆண்களின் விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தினாலும் கரு உருவாவதில்லை. இப்படித் தோல்வி கண்ட தம்பதிகளுக்குச் சில கருத்தரிப்பு மையங்கள் முட்டைக்குள் கால்சியத்தைச் செயற்கையாக உயர்த்திப் பார்க்கின்றன.

வெள்ளணுக்களில் கதை இன்னும் ஒரு படி நீளம். அங்கே ஐபி3 ஏற்பி கிடங்கைக் காலி செய்வது தொடக்கம் மட்டுமே. கிடங்கின் சவ்வில் ஸ்டிம்1 என்ற புரதம் உள்ளேயுள்ள கால்சியத்தின் மட்டத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கும். மட்டம் இறங்கியதும் அது செல்சவ்வை நோக்கி நகர்ந்து, ஓராய்1 என்ற வழியைத் திறந்துவிடும். வெளிக்கால்சியம் நெடுநேரம் உள்ளே வந்துகொண்டிருக்கும். அந்த நீடித்த கால்சியம்தான் கால்சிநியூரின் என்ற நொதியை எழுப்பி, நோயை எதிர்க்கும் மரபணுக்களை இயக்குகிறது. ஓராய்1 பழுதான குழந்தைகளுக்கு வெள்ளணுக்கள் எண்ணிக்கையில் சரியாக இருந்தும் சாதாரணக் கிருமியே உயிருக்கு ஆபத்தாகிறது. 2006-இல் இந்தப் புரதம் கண்டறியப்பட்டதே அப்படிப்பட்ட நோயாளிகளின் உதவியால்தான். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் தவறாமல் விழுங்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை இந்தக் கால்சிநியூரினைத்தான் அடக்குகிறது. புது உறுப்பை உடல் தள்ளிவிடாமல் இருப்பது அதனால்தான்.

இவை எல்லாவற்றையும்விட வியப்பூட்டுவது ரத்தக்குழாய். அதன் சுவரிலுள்ள மென்தசையில் கால்சியம் செல் முழுவதும் உயர்ந்தால் தசை இறுகும், குழாய் சுருங்கும், ரத்த அழுத்தம் கூடும். எல்லோரும் எதிர்பார்ப்பது இதைத்தான். ஆனால் 1995-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் நெல்சன் குழுவினர் நேர்மாறான ஒன்றைக் காட்டினார்கள். அதே தசையில் ரையனோடின் ஏற்பியிலிருந்து செல்சவ்வை ஒட்டிச் சிறு கால்சியப் பொறிகள் தெறித்தால், தசை தளர்கிறது. அந்தப் பொறிகள் பக்கத்திலிருக்கும் பொட்டாசிய வழிகளைத் திறக்கின்றன; செல்லின் மின்னழுத்தம் மாறுகிறது; வெளிக்கால்சியம் உள்ளே வரும் பாதை அடைபடுகிறது. ஒரே செல், ஒரே அயனி. பரவலாக வந்தால் இறுக்கம், ஓரத்தில் பொறியாக வந்தால் தளர்ச்சி. கால்சியம் எவ்வளவு என்று மட்டும் கேட்பது எவ்வளவு போதாத கேள்வி என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

வீட்டு அலமாரியில் இருக்கும் மாத்திரைகளிலும் இந்த அறிவியல் இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்குப் பலர் எடுக்கும் அம்லோடிபின், ரத்தக்குழாய்த் தசையில் கால்சியம் நுழையும் வழியை அடைக்கிறது. சர்க்கரைக்கான கிளிமிபிரைடு, கணையத்தின் பீட்டா செல்லில் பொட்டாசிய வழியை மூடி, அதன் விளைவாகக் கால்சியத்தை உள்ளே வரவைத்து, இன்சுலினை வெளியேற்றுகிறது. பிரசவ அறையில் ஏற்றும் ஆக்சிடோசின், கர்ப்பப்பைத் தசையில் ஐபி3-ஐ உண்டாக்கி வலியைத் தூண்டுகிறது. இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும். 'கால்சியத்தைத் தடுக்கும் மாத்திரை' என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு, பாலையும் ராகியையும் நிறுத்தியவர்கள் உண்டு. அது தேவையற்றது. ரத்தத்தின் கால்சியத்தைப் பாராதைராய்டு ஹார்மோனும் வைட்டமின் டி-யும் மிகக் குறுகிய எல்லைக்குள் காத்துவருகின்றன. சாப்பாட்டில் வரும் கால்சியம் எலும்புக்கு உதவும். அம்லோடிபின் அடைப்பது செல்லின் வாசலை. இரண்டும் வேறு வேறு.

மதகு பழுதானால் என்ன ஆகும் என்பதை 1960-இல் மெல்போர்னில் ஒரு மாணவர் மருத்துவர்களுக்குப் புரியவைத்தார். வயது 21. கார் மோதிக் கால் எலும்பு முறிந்திருந்தது. ஆனால் அவர் பயந்தது முறிவுக்கு அல்ல, மயக்க மருந்துக்கு. அவருடைய உறவினர்களில் 10 பேர் ஈதர் மயக்க மருந்து கொடுக்கப்பட்டபோது இறந்திருந்தார்கள். மைக்கேல் டென்பரோ என்ற மருத்துவர் அந்த இளைஞர் சொன்னதை அலட்சியம் செய்யாமல் கேட்டார். ஈதருக்குப் பதில் ஹாலோத்தேன் கொடுத்தார்கள். அதிலும் சிறிது நேரத்தில் உடல் கொதித்தது. மயக்க மருந்தை நிறுத்தி, ஐஸால் குளிர்வித்துக் காப்பாற்றினார்கள். டென்பரோவும் அவருடைய சக மருத்துவரும் இதை 'லான்செட்' இதழில் ஒரு கடிதமாக எழுதினார்கள். 'மேலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா' என்று இன்று எல்லா மயக்க மருத்துவர்களும் படிக்கும் நோய் அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

காரணம், பெரும்பாலானவர்களிடம், கால்தசையின் முதல் வகை ரையனோடின் ஏற்பியில் உள்ள மரபுப் பிழை. அன்றாட வாழ்க்கையில் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் தெரியாது. மூச்சில் இழுக்கும் மயக்க வாயுக்கள் சிலவோ, சக்சினைல்கோலின் என்ற ஊசியோ பட்டால் ஏற்பி திறந்து மூடாமல் நிற்கும். உடலின் எல்லாத் தசைகளும் ஒன்றாக இறுகி, ஆற்றலை எரித்து வெப்பத்தைக் கக்கும். சரக்கு வண்டியில் ஏற்றும்போதே பதறிச் செத்துவிழும் சில பன்றி இனங்களில் இதே ஏற்பியில் பிழை இருப்பது 1991-இல் தெரிந்தது. முன்பு இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். டான்ட்ரோலின் என்ற மருந்து ஏற்பியை அடக்குகிறது என்று தென்னாப்பிரிக்காவில் கேஸ்ஃபர்ட் ஹாரிசன் 1975-இல் பன்றிகளில் காட்டினார். அது மனிதருக்குப் பயன்பாட்டுக்கு வந்த பிறகு சாவு வெகுவாகக் குறைந்துவிட்டது.

இதயத்தின் இரண்டாம் வகை ஏற்பியில் பிழை இருந்தால் வேறு விதமான ஆபத்து. குழந்தை ஆரோக்கியமாகவே இருக்கும். இதய அமைப்பிலும் குறையிருக்காது. படுக்க வைத்து எடுக்கும் ஈசிஜி-யும் சரியாகவே வரும். ஓடும்போதோ நீந்தும்போதோ பயப்படும்போதோ அட்ரினலின் சுரந்து கிடங்கில் கால்சியம் நிரம்பும். பழுதான ஏற்பி, கூப்பிடாமலேயே துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் கசியும். இதயம் தாறுமாறாக அடித்துக் குழந்தை சுருண்டு விழும். சில நேரம் அந்த விழுதலே முடிவாகிவிடும். 2001-இல்தான் இந்த மரபணுத் தொடர்பு தெரியவந்தது. பீட்டா பிளாக்கர் மருந்துகளும், 2009-க்குப் பிறகு ஃப்ளெகெய்னைடும் பல பிள்ளைகளைக் காத்துவருகின்றன. ஆனால் சிகிச்சை தொடங்க வேண்டுமானால் முதலில் நோய் இன்னதென்று தெரிய வேண்டும். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு ஆண்டுக்கணக்கில் வலிப்பு மாத்திரை கொடுக்கப்பட்டிருக்கிறது என்பது வருத்தமான உண்மை.

அதனால் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓட்டத்திலோ விளையாட்டிலோ அதிர்ச்சியிலோ பிள்ளை மயங்கி விழுந்தால், 'வெயில்', 'பசி', 'பயம்' என்று விட்டுவிடாதீர்கள். சாதாரண ஈசிஜி சரியாக இருந்தாலும், இதய மருத்துவரிடம் காட்டி, டிரெட்மில்லில் ஓடவைத்து எடுக்கும் சோதனை தேவையா என்று கேளுங்கள். உங்கள் குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தாலும், ஆபரேஷன் மேசையில் மயக்க மருந்து கொடுத்தபோது உயிர் போயிருந்தாலும், அதைப் பழைய கதை என்று நினைக்காமல், கேட்காவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.